பதின்மூன்று வயதின் நேரத்தோடு போட்டி போட வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். 13 வயதில் 9 நிமிடம் 24 விநாடியில் முடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அந்த நேரத்தைத் தொடவே முடியவில்லை. போன மாதப் போட்டியில் 9:31. வாரம் 40 கிலோமீட்டர் நீந்திக்கொண்டிருந்தவளை இப்போது கோச் 55 கிலோமீட்டர் நீந்தச் சொல்கிறார். "தண்ணியில உடம்பு கனமா இருக்கும்மா" என்று சொல்லி அழுகிறாள். அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் பற்றிப் படித்தேன். 17 வயதில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 18 வயதுக்குப் பிறகு தன் சாதனைகளை ஒருமுறைகூட முறியடிக்கவில்லையாம். என் மகளுக்கும் எல்லாம் 13 வயதிலேயே முடிந்துவிட்டதா? படிப்பைப் பார் என்று சொல்லி இத்தோடு நிறுத்திவிடலாமா? ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ஸ்ப்ளிட் தாளை இணைத்திருக்கிறேன்.

பி.கு.: நான்கு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. பயிற்சி அதிகமானால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

"பயிற்சி அதிகமானால் அப்படித்தான்" என்று உங்களிடம் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் நீந்திய காலத்தில் எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அது தவறு. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காரணங்கள் பல இருக்கலாம். நெடுந்தூரம் நீந்துகிற பெண்களிடம் அடிக்கடி பார்க்கிற காரணம் ஒன்று உண்டு. உடம்பு செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதுதான் அது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தார்கள். சக்தி போதாதபோது, உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிலக்கு. அதோடு எலும்பும் வலுவிழக்கத் தொடங்கும். தரையில் ஓடுகிறவர்களுக்குக் காலை ஊன்றி ஊன்றி எலும்பு உறுதிப்படும். தண்ணீரில் மிதக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. 15 வயது, எலும்பு சேமிக்கிற வயது.

வெளியே தெரிகிற அடையாளங்கள் என்ன தெரியுமா? தீராத களைப்பு, தூக்கம் கெடுவது, சீக்கிரம் அழுகை வருவது, எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையாமல் இருப்பது. உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

நான் மருத்துவர் இல்லை. அவளுக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். இந்த வாரமே ஒரு பெண்கள் நல மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். அவர்கள் என்ன சோதனை எழுதினாலும், ரத்தத்தில் இரும்புச் சத்தின் சேமிப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அந்த முடிவு வரும்வரை 55 கிலோமீட்டர் வேண்டாம்.

சரி, இப்போது ஜேனட் எவன்ஸ்.

நீங்கள் படித்தது உண்மைதான். 1987 என்ற ஒரே ஆண்டில் 400, 800, 1500 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை படைத்தவர் அவர். 1988இல் சியோலில் 400, 800 ஃப்ரீஸ்டைல், 400 தனிநபர் மெட்லி (நான்கு வகை நீச்சலும் சேர்ந்தது) என மூன்று தங்கம். சின்ன உடம்பு. பக்கத்து லேன்களில் அவரைவிட உயரமும் அகலமுமான கிழக்கு ஜெர்மனி வீராங்கனைகள். கையை மடக்காமல் காற்றாடிபோலச் சுழற்றிச் சுழற்றி நீந்துவார். எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படி நீந்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசியாக அவர் விட்டுச்சென்ற சாதனைகள் 400க்கு 4:03.85, 800க்கு 8:16.22, 1500க்கு 15:52.10. மூன்றையும் 18ஆவது பிறந்தநாளுக்கு முன்பே நீந்திவிட்டார். அதற்கப்புறம் வளர்ந்தார், எடை கூடியது. அந்த நேரங்கள் திரும்ப வரவேயில்லை.

நீங்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். கதை இங்கேதான் எனக்குச் சுவாரசியமாகிறது.

1992 பார்சிலோனாவில் 800 மீட்டரை அவர் 8:25.52இல் நீந்தினார். தன் சாதனையைவிட 9 விநாடிக்கு மேல் மெதுவாக. அதற்குக் கிடைத்தது தங்கம். 400இல் வெறும் 0.19 விநாடியில் தங்கத்தை விட்டு வெள்ளி வாங்கினார். இன்னொன்று. அந்த 8:16.22ஐ அவரால் மட்டுமா தொட முடியவில்லை? உலகத்தில் யாராலும் முடியவில்லை. 2008 பெய்ஜிங்கில் ரெபேக்கா ஆட்லிங்டன் 8:14.10 நீந்தும்வரை கிட்டத்தட்ட 19 வருடம் அது அசையவே இல்லை. அவரது 400 மீட்டர் சாதனை 2006 வரையும் 1500 மீட்டர் சாதனை 2007 வரையும் நின்றன. உலகமே ஏறக்குறைய இருபது வருடமாக எட்ட முடியாத ஒரு கோட்டை வைத்து அவரை அளந்துவிட்டு, "17 வயதோடு முடிந்துவிட்டார்" என்று எழுதுவது எனக்கு நியாயமாகவே படவில்லை. (அவருக்கு மிகவும் ஏற்ற தூரம் 1500 என்பது என் எண்ணம். அவர் காலத்து ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் போட்டியே கிடையாது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது வந்தது. நினைக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.)

1996 அட்லாண்டாவில் 24 வயதில் 400 மீட்டர் இறுதிச் சுற்றுக்கு ஓரிடத்தில் தவறினார். 800இல் ஆறாவது. அதே ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஜோதியை ஏந்திக்கொண்டு மேடையேறி முகமது அலியிடம் கொடுத்தவர் அவர்தான். பதினாறு வருடம் கழித்து, 40 வயதில், இரண்டு பிள்ளைகளின் தாயாக, 2012 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில் தகுதி நேரத்தை எட்டி வந்து நீந்தினார். இறுதிச் சுற்றை நெருங்கக்கூட முடியவில்லை. அது முடியும் என்று எண்ணி அவர் வந்திருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பிடித்திருந்தது, வந்தார்.

இன்னொருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி. 15 வயதில், 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 800 மீட்டர் தங்கம். 19 வயதில், 2016 ரியோவில், 8:04.79 என்று உலக சாதனை. இதற்கு அடுத்த முறை அவர் 800 மீட்டரில் தன் பெஸ்ட் டைமை முந்தியது எப்போது? 2025 மே மாதம். 8:04.12. வயது 28. நடுவில் ஏறக்குறைய ஒன்பது வருடம்! அந்த ஒன்பது வருடமும் அவர் தேங்கிக் கிடந்தாரா? டோக்கியோவில் 8:12.57, பாரிஸில் 8:11.04. தன் சாதனையைவிட ஆறிலிருந்து எட்டு விநாடி வரை மெதுவாக நீந்தி இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஒரே போட்டியில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம்.

பழைய ஆள் வேண்டுமானால் சோவியத் யூனியனின் விளாடிமிர் சல்னிகோவ். 1980 மாஸ்கோவில் 1500 மீட்டரை 15 நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர், 14:58.27. 1984இல் அவர் நாடு ஒலிம்பிக்கையே புறக்கணித்தது. 1986 உலகப் போட்டியில் நான்காம் இடம். அவ்வளவுதான் என்று எல்லோரும் ஒதுக்கிய பிறகு 28 வயதில் சியோலுக்கு வந்து 15:00.40இல் தங்கம் வாங்கினார். எட்டு வருடத்துக்கு முந்தைய தன் நேரத்தைவிட இரண்டு விநாடி மெதுவாக. அன்று இரவு ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் நுழைந்தபோது, பல நாட்டு வீரர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இவர்கள் உச்சத்தில் இருப்பவர்கள், என் மகள் அப்படியா என்று கேட்பீர்கள். உங்கள் மகள் ஒலிம்பிக்குக்குப் போவாள் என்று சொல்வதற்காக இவர்களைக் கொண்டுவரவில்லை. நெடுந்தூர நீச்சலில் பெஸ்ட் டைம் வராத வருடங்கள் எல்லோருக்கும் வருகின்றன. பெண்களுக்குப் பெரும்பாலும் 14இலிருந்து 16 வயதுக்குள் முதன்முதலாக வருகின்றன. 13 வயதில் 9:24 நீந்திய உடம்பு இப்போது இல்லை. இடுப்பு அகன்றிருக்கும், கை கால் நீண்டிருக்கும், எடை பரவியிருக்கிற விதம் மாறியிருக்கும். தண்ணீரில் உடம்பு படுக்கிற நிலையே வேறாகிவிடும். "கனமா இருக்கு" என்று அவள் சொல்வதை அழுகையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு நீச்சல்காரி தரும் சரியான தகவல். பழைய உடம்புக்குப் பழகிய ஸ்ட்ரோக்கை, அதாவது கை வீசும் விதத்தை, வைத்துக்கொண்டு புது உடம்பை இழுக்கிறாள்.

இதற்கு மருந்து கூடுதல் கிலோமீட்டர் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டருக்கு 40 ஸ்ட்ரோக் என்றால் ஒரு தோளுக்கு 20. வாரம் 15 கிலோமீட்டர் கூடினால் 300 லேப் கூடுகிறது. ஒவ்வொரு தோளும் வாரத்துக்கு 6,000 முறை கூடுதலாகச் சுழல வேண்டும். இடுப்பு தாழ்ந்து, ஸ்ட்ரோக் கலைந்த நிலையில் 6,000 முறை. உலக அளவிலான நெடுந்தூர நீச்சல்காரர்கள் வாரம் 60, 70 கிலோமீட்டர் நீந்துவது உண்மை. அவர்கள் அந்தத் தூரத்துக்கு வருடக்கணக்கில் படிப்படியாக ஏறி வந்தவர்கள். நேரம் குறையவில்லை என்ற பதற்றத்தில் ஒரே தாவலாகத் தாவியவர்கள் இல்லை.

இதை நான் பாடம் படித்துச் சொல்லவில்லை. பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு பெண் இருந்தாள். உங்கள் மகள் வயதுதான். நேரம் நின்றுபோனது. எனக்குத் தெரிந்த ஒரே வழி தூரத்தைக் கூட்டுவது. கூட்டினேன். தோள் வலிக்கிறது என்றாள். சூடு ஏறினால் சரியாகிவிடும் என்று சொல்லித் திரும்பத் தண்ணீரில் இறக்கினேன். ஐந்து மாதத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனாள். நீச்சலையும் விட்டுவிட்டாள். அவள் மெதுவானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வளர்ச்சி என்று அன்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பதுகூட எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோச்சிடம் பேசுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். "மருத்துவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் 40க்கு மேல் வேண்டாம் சார், அவர் இன்னும் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடலாம்" என்று சொல்லுங்கள். நல்ல கோச் என்றால், மாதவிலக்கு விஷயம் தெரிந்ததுமே அவரே குறைத்துவிடுவார். உங்கள் மகள் அதை அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள். அப்புறம், கிலோமீட்டருக்குப் பதிலாக லேப்புக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணச் சொல்லுங்கள். நீண்ட கை வந்திருக்கிறது. அது தண்ணீரை நன்றாகப் பிடித்தால், அதே வேகத்துக்கு இரண்டு மூன்று ஸ்ட்ரோக் குறையும். களைப்பில்லாத நேரத்தில், வார்ம்-அப் முடிந்த கையோடு, எட்டு லேப் இதற்காகவே ஒதுக்கினால் போதும். வேகம் பார்க்கக் கூடாது.

இப்போது நீங்கள் அனுப்பிய ஸ்ப்ளிட் தாள். எனக்கு உற்சாகம் தந்தது இதுதான்.

ஒவ்வொரு நூறு மீட்டரும் இப்படிப் போயிருக்கிறது: 1:06, 1:10, 1:12, 1:13, 1:13, 1:13, 1:13, 1:11. கூட்டினால் 9:31. முதல் நூறை 1:06இல் போனவள், நானூறு மீட்டர் தூரத்துக்கு 1:13இல் கிடந்து இழுத்திருக்கிறாள். கடைசி நூறில் 1:11க்கு வந்திருக்கிறாள். அதாவது உடம்பில் தெம்பு மிச்சம் இருந்திருக்கிறது. 800 மீட்டர் என்பது பெரும்பாலும் மூச்சில் வருகிற சக்தியில் நீந்துகிற தூரம். முதல் நூறில் மூச்சு தருவதைவிட அதிகமாகச் செலவழித்தால், அந்தக் கடனை நடு நானூறில் வட்டியோடு கட்ட வேண்டும். அவள் கட்டியிருக்கிறாள்.

முதல் நூறை 1:08இல் போய், மீதி ஏழு நூறையும் 1:11இல் நீந்தினால் என்ன ஆகும்? 9:25. இன்றைக்கு இருக்கிற அதே உடம்பில், ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாமல், அவளுடைய பழைய பெஸ்ட் டைமுக்கு ஒரு விநாடி பக்கத்தில். தாளில் போட்ட கணக்கு தண்ணீரில் அப்படியே வராது. பாதி வந்தாலும் மூன்று விநாடி.

ஏன் 1:06இல் பாய்ந்தாள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். 9:24ஐத் துரத்திக்கொண்டு போயிருக்கிறாள். தொடக்கத்திலேயே அதை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்ற பயம். 13 வயதில் அவளுக்குத் துரத்த எதுவும் இல்லை, அமைதியாகப் போயிருப்பாள். வீட்டில் அந்த 13 வயதுப் போட்டியின் ஸ்ப்ளிட் தாள் இருந்தால் தேடி எடுங்கள். மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். நூறு நூறாக எப்படிப் பிரித்து நீந்தியிருக்கிறாள் என்று பாருங்கள்.

முன்னால் பாய்ந்து போவதே தவறு என்று சொல்லவில்லை. லெடெக்கி தொடக்கத்திலிருந்தே முன்னால் போய் அப்படியே முடிப்பவர். அமெரிக்காவின் பாபி ஃபிங்கே டோக்கியோவில் 1500 மீட்டரில் கடைசி லேப் வரை பின்னாலேயே இருந்துவிட்டு, அந்த 50 மீட்டரை 26 விநாடிக்குள் நீந்தித் தங்கத்தைப் பறித்தார். அதே மனிதர் பாரிஸில் முன்னால் நின்றே நீந்தி 14:30.67 என்று உலக சாதனையும் படைத்தார். எந்த உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை நீந்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு மாறிக்கொண்டிருக்கும்போது நிதானமாகத் தொடங்குவதே நல்லது.

நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அவளிடம் கேளுங்கள். ஆனால் இப்போது கேட்காதீர்கள். சத்துக் குறைந்து, தூக்கம் கெட்டு, போட்டியில் தோற்று வந்திருக்கிற பெண் என்ன பதில் சொன்னாலும் அது களைப்பின் பதில். மருத்துவர் சொன்னபடி நடந்து, உடம்பு தேறி, இரண்டு மூன்று மாதம் போன பிறகு கேளுங்கள். அப்போதும் "போதும்மா" என்றால் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் ஷேன் கோல்டு 15 வயதில் மூனிக் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கம் வாங்கிவிட்டு, 16 வயதில் தானாகவே விலகினார். தானாக விலகியவருக்கு நீச்சல் குளம் பிற்பாடும் பிடித்த இடமாகவே இருக்கும். மற்றவர்கள் நிறுத்தியவர்கள் குளத்துப் பக்கமே வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பை ஒரு மிரட்டலாக இதில் கொண்டுவர வேண்டாம். இரண்டையும் சேர்த்து நடத்துகிற பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அது மட்டும்தான் என் நிபந்தனை. குறைந்தால் காலைப் பயிற்சிகளில் ஒன்றிரண்டை விட்டுவிடலாம்.

போட்டி முடிந்து அவள் தண்ணீரை விட்டு ஏறியதும் நீங்கள் முதலில் கேட்பது என்ன? நேரம்தான் என்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். நேரம் பலகையில் தெரிகிறது, அவளும் பார்த்துவிட்டாள். "நடு நானூறு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். 800 மீட்டர் நீந்துகிறவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் அனுமதித்து, அவள் அடுத்த 800 நீந்திய பிறகு அந்த ஸ்ப்ளிட் தாளையும், கிடைத்தால் 13 வயதுத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நூறு 1:08ஆ என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் நீச்சல் பயிற்சியாளர்